சமையலறைக்கு மூன்று வினாடி தாமதம்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் விவகாரம் எல்லாம் என் தலையில்தான் விழும். படித்த படிப்பு அதற்குக் காரணமில்லை. நான் படித்தது கணக்கியல். கோவிட் சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். ஆபீஸிலிருந்து இரண்டு மோனிட்டர்களைத் தூக்கி வந்து என் அறையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த அம்மா, அன்று சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டு, மகள் கம்ப்யூட்டரில் பெரிய ஆளாகிவிட்டாள் என்று சொல்லி முடித்துவிட்டார். ஒரு மோனிட்டர் வைத்திருந்தால் குமாஸ்தா, இரண்டு வைத்திருந்தால் இஞ்சினியர் என்பது அவர் கணக்கு. அதிலிருந்து ஜொகூர் பாருவின் தம்போய் வட்டாரத்தில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பு முழுக்க, எந்த வீட்டில் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். நானும் போய் ஒரு தடவை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பேன். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடுவதால் என் பெயரும் நிலைத்துவிட்டது.

அப்பா, ஜொகூர் பாருவுக்கும் கோத்தா திங்கிக்கும் இடையே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா டிவி செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர். வரிசையாக நகர்ந்து வரும் பெட்டிகளில் படம் ஆடுகிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்த்து, கோளாறு உள்ளதை ஓரமாகத் தள்ளிவைப்பது அவர் வேலை. வேலையை விட்டு வெகு காலமாகியும் அந்தக் கண் மழுங்கவில்லை. அது எனக்கே வினையாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம் இருந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அம்மா வைத்த மரம். கீரையும் காயும் எங்களுக்குப் போக, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போகும். ஆனால் மழைக்காலம் வந்தால் கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாக அப்பாவின் கார்மேல் விழும். அப்பாவுக்குக் காரும் ஒரு பிள்ளை மாதிரி. என்னைக்கூட அவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை. போன வருடம், அம்மா பாலோ ஊரில் தன் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அப்பா ஆள் வைத்து மரத்தை வெட்டிப்போட்டு, அந்த இடத்தில் காருக்குத் தகரக் கூரையும் போட்டுவிட்டார். நான் வேலைக்குப் போய்த் திரும்பியபோது மரம் இருந்த இடத்தில் சிமெண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

ஊரிலிருந்து திரும்பிய அம்மா பையும் கையுமாகக் கேட் அருகே நின்றார். மேலே பார்த்தார். கூரையைப் பார்த்தார். உள்ளே போய் முகம் கழுவிவிட்டு அரிசி களைய ஆரம்பித்தார். "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க" என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் கத்தவில்லை. "சொல்லாம வெட்டிட்டேன்" என்று அப்பாவும் போய் நிற்கவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் அம்மா என்னைப் பார்த்து, "உங்கப்பாகிட்ட கேளு, ரசம் வேணுமான்னு" என்றார். அப்பா எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

நம் வீடுகளில் இது ஒன்றும் புதிதில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் பேச்சு நேர்வழியில் போகாது, பிள்ளை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். "உங்கப்பாகிட்ட சொல்லு", "உங்கம்மாவக் கேளு" என்பார்கள். சொன்னது எதிராளி காதில் தெளிவாக விழுந்திருக்கும், ஆனாலும் பிள்ளை அதைத் திருப்பி ஒருமுறை சொன்னால்தான் பதில் வரும். சின்ன வயதில் எனக்கு இது விளையாட்டாக இருந்தது. சில சமயம் நடுவில் இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டு, பதிலுக்குப் பதில் ஏறுவதை வேடிக்கை பார்த்ததும் உண்டு. அப்போதெல்லாம் சண்டை ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறிக்குமேல் தாண்டாது. இந்த முறை ஆயுத பூஜை வந்து போனது, தீபாவளியும் வந்தது. தீபாவளி காலையில், "உங்கப்பாவ எண்ண வைக்க வரச் சொல்லு" என்று அம்மா சொல்ல, நான் போய் அழைக்க, அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு வந்து மணைமேல் உட்கார்ந்தார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அவர் தலையில் எண்ணெய் தேய்த்தார். கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தார் என்று நினைக்கிறேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

இதற்கு நடுவில்தான் எனக்குப் பினாங்குக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வோடு வந்த மாற்றல். நாற்பதை நெருங்கும்போது இனி எங்கே கிடைக்கப்போகிறது என்று நான் கைவிட்டிருந்த ஒன்று. சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் அங்கே போய்ச் சேரவேண்டும். எனக்கு ஆசைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் நான் போய்விட்டால் இந்த வீட்டில் ரசம் வேண்டுமா என்று யார் யாரைக் கேட்பது?

இது வேடிக்கைக் கேள்வி இல்லை என்று ஒருநாள் தெரிந்தது. அன்றைக்குச் சாலையில் பெரிய நெரிசல். போன் சார்ஜும் போய்விட்டது. வழக்கத்தைவிட வெகு தாமதமாக வீட்டுக்கு வந்தேன். மேசைமேல் சோறும் குழம்பும் மூடி வைத்திருந்தது. அப்பா ஹாலில் உட்கார்ந்திருந்தார், அம்மா சமையலறையில். இருவரும் சாப்பிடவில்லை. அப்பா சாப்பாட்டுக்குப் பிறகு போடவேண்டிய ரத்த அழுத்த மாத்திரை அம்மாவின் பொறுப்பில் இருக்கும்; அதுவும் போடவில்லை. "உங்கப்பாவ சாப்பிடக் கூப்பிடு" என்று சொல்ல ஆள் இல்லாததால் அம்மா சொல்லவில்லை. கூப்பிடாமல் அப்பா எழுந்து வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் இருவரையும் நிற்க வைத்துத் திட்டினேன். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். பிறகு அம்மா, "உங்கப்பாவுக்கு மொதல்ல சோறு போடு" என்றார்.

அன்றிலிருந்து பினாங்குக்குப் போகவும் மனமில்லை, விடவும் மனமில்லை.

இந்த நிலைமையில்தான் சீரியல் பிரச்சினை கிளம்பியது. சாயங்காலம் ஒரு சீரியல் உண்டு. மரம் இருந்த காலத்தில் இருவரும் ஹால் சோபாவில் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள். டிவிக்கு மாதாமாதம் பணம் கட்டி வந்த சேனல் பெட்டியை நிறுத்திவிட்டு, என் பழைய லேப்டாப்பை டிவியோடு இணைத்து, இணையத்தில் போட்டுக் கொடுத்திருந்தேன். மரம் போனபின் அம்மா ஹால் பக்கமே வருவதில்லை. ஆனால் சீரியல் நேரம் வந்தால் சமையலறையில் சட்டி பானை சத்தம் எல்லாம் அடங்கிவிடும். ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனவள் பார்த்தேன். அம்மா சுவர்ப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, உரித்த வெங்காயத்தையே திரும்பத் திரும்ப உரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகிவிட்டது. கைப்பேசியில் பார்க்கலாமே என்றால், ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் அந்தச் சீரியல் ஓடும். அதோடு, கைப்பேசியில் மனுஷர்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்கள் என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

நான்தான் இரண்டு மோனிட்டர் இஞ்சினியர் ஆயிற்றே. என் அறையிலிருந்து ஒரு மோனிட்டரைக் கழற்றிச் சமையலறை அலமாரிமேல் வைத்தேன். ஹாலிலிருந்து நீளமாக ஒரு வயரை இழுத்தேன். ஒரே லேப்டாப், இரண்டு திரை. சத்தம் ஹால் டிவியிலிருந்தே சமையலறைக்குக் கேட்கும், நடுவில் ஒரு சுவர்தான். அரைமணி நேர வேலை என்று நினைத்து இறங்கினேன்.

முதல் நாள், சமையலறைத் திரையில் மவுஸ் அம்பு தெரிந்தது, ஓரத்தில் கடிகாரம் தெரிந்தது, சீரியல் ஓடவேண்டிய சதுரம் மட்டும் கறுப்பாக இருந்தது. ஹாலில் நாயகி கதறி அழுதுகொண்டிருந்தார். அம்மா கறுப்புச் சதுரத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "கரண்டு கட் சீனா?" என்றார். வீடியோ வேலையைக் கணினியின் கிராஃபிக்ஸ் சிப்பிடம் தள்ளிவிடும் ஓர் அமைப்பு பிரௌசருக்குள் இருக்கிறது. அதை நிறுத்தியதும் கறுப்பு விலகியது.

மறுநாள் படம் வந்தது, ஆனால் விட்டு விட்டு வந்தது. நாயகி நடந்து வந்தால் குதித்துக் குதித்து வருவதுபோல் இருந்தது. எனக்கு முதலில் தெரியவில்லை; அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. "படம் திக்குது பாரு. எங்க லைன்ல இந்தப் பெட்டிய அப்பவே தள்ளி வெச்சிருப்போம்," என்றார். நோண்டிப் பார்த்ததில், ஹால் டிவி வினாடிக்கு அறுபது தடவை படத்தைப் புதுப்பிக்கிறது, என் மோனிட்டர் எழுபத்தைந்து தடவை. ஒரே படத்தை இரண்டு வேகத்துக்கும் பகிர்ந்து கொடுக்க முடியாமல் லேப்டாப் திண்டாடியிருக்கிறது. மோனிட்டரையும் அறுபதுக்கு இறக்கியதும் நாயகி ஒழுங்காக நடந்தார்.

அடுத்து, படம் பளிச் பளிச் என்று போய்ப் போய் வந்தது. வயரை மாற்றினேன், அமைப்புகளை எல்லாம் திருப்பிப் போட்டேன், லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தேன். கடைசியில் வயரைக் கழற்றி, சொருகும் துளைக்குள் கைப்பேசி விளக்கை அடித்தால், உள்ளே மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் மெதுவாகக் கிளறினேன். காய்ந்த சந்தனம்.

ஆயுத பூஜை அன்று அப்பா எதையும் விடமாட்டார். கார், வாஷிங் மெஷின், கிரைண்டர், கேட்டின் பூட்டு வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கம். வண்டியில் முன்பக்கம், பின்பக்கம், சக்கரம் எதையும் விட்டதில்லை. லேப்டாப்புக்கு எங்கே வைப்பது என்று யோசித்து, டிவி வயர் சேரும் இடம்தான் முக்கியம் என்று, அதன் பக்கத்தில் காலியாக இருந்த துளைமேல் தாராளமாக வைத்திருக்கிறார். ஊசி நுனியில் வந்த மஞ்சள் தூளை நான் நீட்டிக் காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "உங்கப்பாகிட்ட கேளு, அந்த ஓட்டையில சாமி உக்காந்திருக்கான்னு யாரு சொன்னான்னு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, எல்லாத்தையும் வெச்சாச்சு, இத மட்டும் விட்டா நல்லாருக்காதுன்னு வெச்சேன்," என்றார் அப்பா.

இரண்டையும் நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அம்மாவின் வெற்றி அந்த வாரம் முடியும்வரைகூட நிற்கவில்லை. படம் மறுபடியும் திக்க ஆரம்பித்தது. சீரியல் தொடங்கும்போது நன்றாக இருக்கும், பாதியில் திக்கும். லேப்டாப்பைத் தொட்டால் தோசைக்கல் சூடு. காலையில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று குழம்பிக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால், தூசி படக்கூடாது என்று அம்மா அதன்மேல் தன் கையால் பின்னிய பூப்போட்ட துணியை மடித்துப் போர்த்தி வைத்திருக்கிறார். ரேடியோவுக்கும் டிவிக்கும் போடுவதுபோல. அப்பா அன்று முழுக்க உற்சாகமாக இருந்தார். "உங்கம்மாகிட்ட சொல்லு, குளிரு இல்லாத ஊருல அதுக்கு எதுக்குக் கம்பளின்னு," என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். முதல் தடவையே சமையலறைக்கு நன்றாகக் கேட்டிருந்தது.

இத்தனைக்கும் பிறகு இரண்டு திரையிலும் படம் ஒன்றாக, அழகாக ஓடியது. நான் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அம்மா வாளியோடு ஹாலைக் கடக்கும்போது அந்த வயரில் கால் தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உடனே வயரைச் சுருட்டி வைத்தேன். அதற்குப் பதிலாக, வயர் இல்லாமல் காற்றில் படத்தை வாங்கிக் கொடுக்கும் ஒரு சின்னக் கருவியை வாங்கி மோனிட்டரின் பின்னால் செருகினேன். ஆபீஸ் கூட்டங்களில் பயன்படுத்துவோமே, அதுதான்.

படம் சுத்தமாக வந்தது, திக்கவில்லை, கறுக்கவில்லை. ஆனால் காற்றில் கிளம்பி, கருவிக்குள் புகுந்து, திரைக்கு வந்து சேர அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஹாலில் நடப்பது சமையலறைக்கு இரண்டு மூன்று வினாடி கழித்து வந்தது. சத்தமோ சுவரைத் தாண்டி உடனே வந்துவிடுகிறது. ஹாலில் மாமியார் அறைந்துவிட்டுப் போய்விடுவார், சமையலறையில் அறை விழும் சத்தம் முதலில் கேட்கும், அப்புறம்தான் அவர் கையையே ஓங்குவார்.

"பேசி முடிச்சப்புறம் வாய அசைக்கிறாளே," என்றார் அம்மா. "இத எப்படிப் பாக்கறது? அடி விழுந்தாச்சு, யாருக்கு விழுந்துச்சுன்னு தெரியல."

அமைப்புகளில் தேடினேன். தரத்தைக் குறைத்தால் தாமதம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. அதை அம்மாவின் கண் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழியே இல்லை, இன்னும் நீளமான வயர் வாங்கி, கூரை ஓரமாக ஆணி அடித்துக் கொண்டுபோவதுதான் சரி என்று முடிவு செய்தேன். தாமதம் இருக்காது, காலிலும் தடுக்காது. மறுநாளே வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குப் போய் வாங்கி வந்துவிட்டேன். சனிக்கிழமை மாட்டுவதாகத் திட்டம்.

அதற்கு முன்பே அது நடந்தது. அன்று பினாங்கு ஆபீஸிலிருந்து அழைப்பு. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். எப்போது வந்து சேர்வீர்கள், தங்க இடம் பார்த்தாயிற்றா என்று அவர்கள் கேட்க, நான் மழுப்பிக்கொண்டிருந்தேன். வெளியே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சீரியலில் நாயகியின் கொழுந்தன்மார் இரண்டு பேர் சில மாதங்களுக்கு முன்பு வீட்டை விட்டுப் போயிருந்தார்கள். யாராவது ஒருவர் திரும்பி வருவார் என்று கதை இழுத்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு வாசல் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம். நாயகி மூச்சை இழுக்கும் சத்தம். ஹாலில் அப்பா, "அட" என்றார்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னங்க, யாருங்க வந்தது?"

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த "என்னங்க" எனக்கானது இல்லை. அம்மா என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.  டிவியில் பின்னணி இசை ஏறியது. சொல்லுங்களேன் அப்பா என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது.

"அவந்தான்," என்றார் அப்பா.

"எவன்? மூத்தவனா?"

"இல்ல. சின்னவன். தாடி விட்டிருக்கான்."

அதற்குள் சமையலறைத் திரைக்கும் அவன் வந்து சேர்ந்திருப்பான். "ஆமா," என்றார் அம்மா. "ஆளே எளச்சிப் போய்ட்டான்."

"சாப்பாடு கெடச்சிருக்காது," என்றார் அப்பா.

அவ்வளவுதான். போனில் அந்தப் பக்கத்து அம்மாள், லைன் இருக்கிறதா, கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஊர்பேர் தெரியாத தாடிக்காரன்மேல் எனக்கு அன்று பிறந்த பிரியம் இன்னும் போகவில்லை. போனை மறுபடி காதில் வைத்து, இடம் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். மூன்று வினாடி பொறுத்திருந்தால் வந்தது யார் என்று அம்மாவே பார்த்திருப்பார். அவருக்கும் அது தெரியும்; தாமதத்தைக் கண்டுபிடித்ததே அவர்தான். மரம் போன நாளிலிருந்து அத்தனை மாதம் பொறுத்தவருக்கு அந்த மூன்று வினாடி பொறுக்கவில்லை.

மறுநாள் நான் ஹாலுக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்று அறையிலேயே இருந்துகொண்டு காதை மட்டும் கதவில் வைத்தேன். "யாருக்கு அடி?" "மருமகளுக்கு." "அவ திருப்பி ஒண்ணும் கேக்கலியா?" "இரு, இப்ப கேப்பா." இப்படி ஓடியது. சீரியல் முடிந்தால் பேச்சும் முடிந்துவிடும். சாப்பாட்டு மேசையில் பழையபடி உங்கப்பா, உங்கம்மாதான். ஆனால் ஒரு வாரம் போனபின், விளம்பர இடைவேளையிலும் பேச்சு நிற்கவில்லை. அப்பா அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்துச் சொல்ல ஆரம்பித்தார். அம்மா அதெல்லாம் நடக்காது என்று வெட்ட ஆரம்பித்தார். ஒருநாள் சீரியல் முடிந்ததும், நான் அறைக்குள் இருக்கும்போதே, "சோறு எடுத்து வெச்சிட்டேன், வாங்க," என்று அம்மாவின் குரல் கேட்டது. அப்பா எழும்போது சோபா கிரீச்சிட்டது. நான் எனக்கான சோற்றை வெகு நேரம் கழித்துத்தான் போய்ப் போட்டுக்கொண்டேன்.

மரத்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அது தனி வழக்கு, அப்படியே இருக்கிறது. அப்பா இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, அம்மாவும் தகரக் கூரையின் கீழ் நிற்கும் காரில் முணுமுணுக்காமல் ஏறுவதில்லை. ஆனால் மாத்திரை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் பினாங்கு வேலையை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன்.

வாங்கி வந்த வயர் பிரிக்காமலேயே என் அலமாரியில் கிடந்தது. சனிக்கிழமை வந்தது, போனது. யாராவது கேட்டால் ஆணி இல்லை என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கேட்கத்தான் ஆளில்லை. தினமும் அந்தத் தாமதத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த அம்மாவும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

கிளம்பும் நாள் வந்தது. அம்மா சமையலறையில் சம்பலும் முறுக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா வெளியே பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அந்த வயர் வாங்குனியே, அத மாட்ட வேணாம்."

"ஏம்மா? சத்தம் முன்ன வருது, படம் பின்ன வருதுன்னு நீதான கொற சொன்ன?"

"சொன்னேன். இப்ப பழகிப்போச்சு." அம்மா பொட்டலத்தின் ரப்பர் பேண்டை இன்னொரு சுற்று சுற்றினார். "நான் கேக்கறேன், அவரு சொல்றாரு. இருந்துட்டுப் போவட்டும். இத உங்கப்பாகிட்ட சொல்லாத."

அப்பா என்னை லார்க்கின் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் பேசவில்லை, வண்டி ஓட்டும்போது பேசாமல் வருவது அவருடைய தொழில் பழக்கம். நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டு, பின்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த வயரு எங்க வெச்சிருக்க?"

"அலமாரிலப்பா."

அவர் குனிந்து, தன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே அதே வயர், பிரிக்காத உறையோடு. என் அலமாரியிலிருந்து எப்போது எடுத்தாரோ தெரியவில்லை.

"பினாங்குக்குக் கொண்டுபோயிரு. வீட்டுல இருந்தா உங்கம்மா யாரையாச்சும் கூப்பிட்டு மாட்டிருவா."

"மாட்டுனா நல்லதுதானப்பா? லேட் ஆவாது."

"லேட் ஆவலனா அவ எதுக்கு என்னக் கேக்கப் போறா?" என்றார் அப்பா. பிறகு கதவைத் திறந்து இறங்கினார். "உங்கம்மாகிட்ட சொல்லாத."

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, இந்த வீட்டில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. வயர் இங்கே பினாங்கில் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அந்த இரண்டு செய்தியையும் நான் இன்னும் யாரிடமும் சேர்க்கவில்லை.